மருந்தும் திருநீறும்: மனச்சோர்வுக்கு மாத்திரை உண்பவர்களின் தயக்கங்கள்



கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரும் நட்சத்திரமும் சொல்கிறோம். பலர் குருக்களிடம் தங்கள் வேண்டுதலையும் சொல்வார்கள். "மகனுக்குச் சர்க்கரை வியாதி கட்டுப்பட வேண்டும், சாமி", "வீட்டுக்காரருக்கு இருதய அறுவை நல்லபடியாக முடிய வேண்டும், சாமி" என்று வாய்விட்டுச் சொல்கிறோம். அருகில் நிற்பவர்களும் கேட்டு, "கவலைப்படாதீங்க, முருகன் பார்த்துக்குவான்" என்று ஆறுதல் கூறுகிறார்கள். ஆனால் ஒரு நோயை மட்டும் நாம் சந்நிதியில்கூடப் பெயர் சொல்லி வேண்டுவதில்லை. அதுதான் மனச்சோர்வு நோய். அதற்கு மாத்திரை உண்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்த மாத்திரையைப் பற்றி அவர்கள் மனத்தில் இருக்கும் ஐயங்களையும் அச்சங்களையும் இந்த மலரின் வழியாகச் சிந்திப்போம்.

ஒரு தாயை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவர் ஒருவரல்லர், பலர். நம் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்திலோ, பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குப் பின்னாலோ, ரிங்லெட் காய்கறித் தோட்டங்களின் ஓரத்திலோ அவர் வாழ்கிறார். பல மாதங்களாக உறக்கமில்லை. சமைக்கவும் மனமில்லை. டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார். அதை அவர் பழைய மைலோ டின்னில் போட்டு, அரிசி வாளிக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார். ஒரு நாள் உண்கிறார். இரண்டு நாள் விடுகிறார். சற்றுத் தேறினால், "முருகன் கைகொடுத்துவிட்டான், இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துகிறார். மீண்டும் இருள் கவிந்தால், "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று முடிவு செய்கிறார். இதை டாக்டரிடம் சொல்வதில்லை, கணவரிடமும் சொல்வதில்லை, கோயிலில் சொல்லவே மாட்டார்.

இந்தத் தாய் அறியாமையில் இருக்கிறார் என்று நாம் எளிதில் சொல்லிவிடக் கூடாது. அவருடைய தயக்கங்களில் சில நியாயமானவை. அவருக்கு ஆபத்தாவது தயக்கமன்று; அதை அவர் மறைத்து வைப்பதுதான்.

மருந்து என்னும் சொல்

நம் பேச்சுவழக்கில் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலில் இறைவனை வைத்தியநாதன் என்றே வணங்குகிறோம். பழனியாண்டவர் திருமேனி போகர் நவபாஷாணத்தால் அமைத்தது என்று நம்பி, அபிஷேகப் பாலை மருந்தாகவே அருந்துகிறோம். இது ஒரு முகம். மறுபுறம், தோட்டப்புறத்தில் "மருந்து குடித்துவிட்டாள்" என்றால் அதற்கு என்ன பொருள் என்பது நம் அனைவருக்கும் தெரியும். அந்தச் செய்தி லயத்தில் பரவிய நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்று சூனியத்துக்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 1988-ஆம் ஆண்டு டாக்டர் தி. மணியம் என்னும் மனநல மருத்துவர், மலேசியாவின் மலைவாசத்தலம் ஒன்றில் நிகழ்ந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்து, பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். அந்த மலைவாசத்தலம் நம் கேமரன் மலைதான். மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கோடு ஒப்பிட்டால், அந்தத் துயரக் கணக்கில் நம்மவர்களின் பங்கு மிக அதிகமாக இருந்தது. விவசாய நஞ்சே பெரும்பாலும் காரணமாக இருந்தது. கொடிய களைக்கொல்லியான பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் நம் அரசாங்கம் தடை செய்தது பெரிய நன்மை. ஆயினும் நஞ்சைத் தடுத்தால் மட்டும் போதாது. நஞ்சை நாட வைக்கும் நோயையும் நாம் கவனிக்க வேண்டும்.

தோட்ட வரலாற்றிலிருந்து வந்த தயக்கமும் ஒன்று உண்டு. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்து சென்றார். 1929-இல் போ நிறுவனம் தொடங்கப்பட்டது. தேயிலை இங்கே வேரூன்றியது. நம் முன்னோர் மலைச்சரிவில் கொழுந்தெடுத்தார்கள். அவர்களுக்கு நோய் வந்தால் பார்த்தவர் தோட்டத்து டிரசர். இவர் வேலைக்குப் போகலாமா, ஓய்வெடுக்க வேண்டுமா என்று சொல்பவரும் அவரே. ஆகவே மருந்து என்பது நம்மை வேலைக்குத் திருப்பி அனுப்பும் வழி என்ற எண்ணம் பாட்டன், பாட்டி காலத்திலேயே மனத்தில் பதிந்துவிட்டது. அந்த ஐயம் பேரப்பிள்ளைகளிடமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை.

இது என்ன நோய்?

துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. பெற்றவர் மறைந்தால் அழுகிறோம். வேலை போனால் கலங்குகிறோம். நாளாக நாளாக அது குறைகிறது. இடையிடையே சிரிக்கவும் செய்கிறோம். நோயாக வரும் சோர்வு அப்படியன்று. குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில், நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடக்கும். முன்பு இன்பம் தந்தவை எவையும் இன்பம் தருவதில்லை. உறக்கமும் பசியும் குலையும். உடல் அசதியாகும். "என்னால் யாருக்கும் பயனில்லை" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் தோன்றும். நம் பெண்கள் பலர் இதை மனத்தின் நோயாகச் சொல்வதில்லை. "தலை பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் வலி", "நெஞ்சு அடைக்குது" என்றுதான் சொல்வார்கள்.

2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 2019-இல் இது 2.3 விழுக்காடாக இருந்தது. ஆகவே நம் கோயில் திருவிழாவுக்கு வரும் கூட்டத்திலும் இந்நோய் உள்ளவர்கள் இருப்பார்கள் என்பது உறுதி.

முதல் தயக்கம்: "மாத்திரை உண்டால் என் பக்தி குறைவு என்றாகாதா?"

இராம காதையை எண்ணிப் பார்ப்போம். போர்க்களத்தில் இலக்குவன் வீழ்ந்து கிடந்தபோது பக்கத்தில் இருந்தவன் யார்? திருமாலின் அவதாரமாகிய இராமபிரான். ஆனாலும் சாம்பவான் மருந்து இருக்கும் மலையைச் சொன்னான். அனுமன் மலையையே பெயர்த்துக் கொண்டு வந்தான். கம்பர் இதற்காக மருத்துமலைப் படலம் என்று ஒரு படலமே பாடியிருக்கிறார். "இராமன் அருகிலிருக்க மூலிகை எதற்கு?" என்று அனுமன் கேட்கவில்லை. மருந்தைக் கொண்டு வருவதையே அவன் பக்தியாகச் செய்தான்.

"அப்பர் பெருமானுக்குச் சூலை நோய் தீர்ந்தது திருநீற்றால் அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். சேக்கிழார் பெருமான் சொல்லும் அந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. அப்பர் தம் வலியை மறைக்கவில்லை. தமக்கையாரிடம் ஆள் அனுப்பினார், பின்பு தாமே சென்றார், திருவதிகை இறைவன் முன் வாய்விட்டு முறையிட்டார். தமக்கையார் திலகவதியாரும் பழைய குற்றத்தைச் சொல்லிக் காட்டவில்லை; தம்பியைத் தாங்கிக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். மருந்தை விலக்கச் சொல்லும் கதையாக இதைக் கொள்ளாமல், வலியை மறைக்காதே, வந்தவரை ஏசாதே என்று சொல்லும் கதையாகக் கொள்வதே பொருத்தம்.

நம் கோயில் மரபும் இதற்குச் சான்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை நடந்ததை அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளியைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளுக்கும் அதில் ஏற்பாடு இருக்கிறது. கல்லில் பெயர் பொறித்த அந்தக் கொடை கோயிலுக்கு அளித்த கொடைதான். தீபத்துக்கு நெய் அளந்த அதே கோயில் நோயாளிக்கும் மருந்து அளந்தது.

இரண்டாம் தயக்கம்: "அடிமையாகிவிடுவேனோ?"

இந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. தூக்க மாத்திரைகளிலும் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளிலும் சில வகைகள் நீண்ட நாள் உண்டால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்குத் தரும் புளுவோக்சிட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. சாராயத்தைப் போல் இன்னும் வேண்டும் என்ற வெறியை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், உறக்கக் குலைவு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு முதலியவை சிலருக்கு வரும். அதனால்தான் டாக்டர் சொல்லும்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பொதுவாக, நோய் தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். தேறியவுடன் நிறுத்துவது, மழை விட்டதென்று ஈரத் துணியை மடித்து வைப்பது போன்றது.

மூன்றாம் தயக்கம்: "இது உண்மையில் பலன் தருமா?"

இம்மருந்துகள் மாயமல்ல. 1952-இல் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு ஒரு புது மருந்து கொடுத்தபோது, அவர்கள் உற்சாகமடைந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். 1957-இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். புளுவோக்சிட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. "மூளையில் செரோட்டோனின் குறைந்தது, மாத்திரை அதை நிரப்புகிறது" என்று முன்பு எளிதாகச் சொல்வார்கள். இன்று மருத்துவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. நோயின் காரணங்கள் பல.

எனினும் பலனை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் 21 மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலானவை என்று அது கண்டது. அந்த மேன்மை பெரும்பாலும் நடுத்தர அளவில்தான் இருந்தது. ஆகவே ஒருவருக்கு முதல் மாத்திரையே கைகொடுக்கலாம். இன்னொருவருக்கு இரண்டாவது, மூன்றாவது தேவைப்படலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நம் தாய் மைலோ டின்னிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு முறை எடுத்து உண்டால், மருந்துக்குத் தன் வேலையைச் செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை. நோய் இலேசாக இருந்தால் மாத்திரையின்றி, பயிற்சி பெற்றவரிடம் பேசித் தேறும் சிகிச்சையையே முதலில் தருவதும் உண்டு.

நான்காம் தயக்கம்: "பக்க விளைவு வருமே? நான் நானாக இருப்பேனா?"

வரலாம். குமட்டல், தலைவலி, உறக்க மாற்றம் ஆகியவை தொடக்கத்தில் வந்து, பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். தாம்பத்திய நாட்டம் குறைவதும் உண்டு. இதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டே பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். "அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, கோயில் மணி கேட்டால் முன்போல் உருகவில்லை" என்று சிலர் சொல்வார்கள். இது கற்பனையன்று, சிலருக்கு உணர்ச்சி மழுங்குவது உண்மையே. அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. பக்திப் பரவசம் மங்கியது நோயாலா, மருந்தாலா என்று பிரித்துப் பார்க்க டாக்டரால் முடியும். ஆனால் நாம் சொன்னால்தான் முடியும்.

இளைஞர்களைப் பெற்றவர்கள் ஒன்றைத் தவறாமல் அறிய வேண்டும். 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாமல் உடனிருந்து கவனிக்க வேண்டும். முன்பு எப்போதாவது காரணமின்றி அளவுக்கு மீறிய உற்சாகமும் உறக்கமின்மையும் சில நாட்கள் வந்திருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

ஐந்தாம் தயக்கம்: "விரதத்துக்கும் சைவத்துக்கும் ஒத்து வருமா?"

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் அன்பர்கள் மாத்திரையை நிறுத்திவிடுவது உண்டு. விரதம் உணவை ஒழுங்கு செய்வது. மருந்தை விலக்கச் சொல்லவில்லை. காவடி எடுக்குமுன் டாக்டரிடம் சொல்லி, உண்ணும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். காப்சூல் உறைகள் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை; ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இது மனத்தை உறுத்தினால், "எனக்குக் காப்சூல் வேண்டாம், மாத்திரையாகக் கொடுக்க முடியுமா?" என்று கேட்பதில் தவறில்லை. இவ்வகை மருந்துகள் பல, காப்சூலாக இல்லாமல் மாத்திரையாகவே கிடைக்கின்றன. லேகியம், சூரணம் ஏதேனும் உண்டு வந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுவையும் இம்மருந்தையும் சேர்க்கவே கூடாது.

ஆறாம் தயக்கம்: "ஊர் என்ன சொல்லும்?"

"தஞ்சோங் ரம்புத்தான்" என்ற ஊர்ப் பெயரையே நாம் வசைச்சொல்லாக ஆக்கிவிட்டோம். 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா மருத்துவமனை என்று பெயர். மலாய் மொழியில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி. நம் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியே இறங்கினால், ஈப்போவுக்கு அருகில் உள்ள மருத்துவமனைதான் அது; அச்சுறுத்தும் இடமன்று. மேலும், மனச்சோர்வுள்ள பெரும்பாலோர் அங்கே சேரத் தேவையே இல்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலோ, தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலோ முதலில் காட்டலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான்.

தற்கொலைக்கு முயன்றதைச் சொன்னால் போலீஸ் வழக்கு வரும் என்ற அச்சமும் முன்பு இருந்தது. அதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நீக்க 2023-இல் நம் நாடாளுமன்றம் முடிவு செய்தது. இனி உண்மையைச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை.

ஏழாம் தயக்கம்: "மாத்திரை என் கடனைத் தீர்க்குமா?"

இதுவே எல்லாவற்றிலும் நேர்மையான கேள்வி. தீர்க்காது. கணவனின் குடியை நிறுத்தாது. மகனுக்கு வேலை வாங்கித் தராது. பல தலைமுறை வாழ்ந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னால் வீடு கட்டித் தராது. வாழ்க்கையின் துன்பத்துக்கு மாத்திரையைக் காட்டிக் கைகழுவுவது அறமாகாது. ஆனால் படுக்கையைவிட்டு எழ முடியாதவரால் கடன்காரரிடம் தவணை கேட்க முடியுமா? நலத்துறை அலுவலகத்துக்குப் போய் மனு எழுத முடியுமா? எழுந்து நிற்கத் தெம்பு தருவது மருந்தின் வேலை. எழுந்தவருக்குத் தோள் கொடுப்பது உறவினரின் வேலை, சமுதாயத்தின் வேலை, கோயிலின் வேலை.

இரண்டு தலங்கள் கற்றுத்தரும் பாடம்

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் புகழ்பெற்ற தர்கா உள்ளது. எல்லா மதத்தவரும் மனநோயாளிகளை அங்கே அழைத்து வருவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதை விசாரித்தது. அவர்களைக் கொன்றது நம்பிக்கையன்று. நம்பிக்கையின் பெயரால் மருத்துவத்தை வெளியே நிறுத்திய புறக்கணிப்பு. பின்னாளில் அந்த வழிபாட்டுத் தலத்திலேயே மனநல மருத்துவச் சேவை ஏற்பட்டது. குஜராத்திலும் தர்கா ஒன்றில் இத்தகைய பணி நடந்தது. அதற்கு வழங்கும் பெயர் "தவா, துவா". தவா என்றால் மருந்து. துவா என்றால் வேண்டுதல்.

திருச்சிக்கு அருகில் காவிரிக் கரையில் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில் உள்ளது. மனநோயுற்றோர் 48 நாள் தங்கி வழிபடும் தலம் அது. அங்கே அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். உச்சிகால பூசையில் தீர்த்தம் தெளிப்பதும் நடக்கிறது. மருந்து கொடுப்பதும் நடக்கிறது.

கோயிலில் தங்குவதே நன்மை தரும் என்பதற்கும் சான்று உண்டு. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய, கடும் மனநோயுள்ள 31 பேரை ஆராய்ந்த கட்டுரை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. சராசரி ஆறு வாரத்தில் அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. யாரும் விரட்டாத, அமைதியான, கைவேலையோடு கூடிய வாழ்வே பெரிய சிகிச்சை என்பதை இது காட்டுகிறது. அந்தப் பணியைக் கோயில் செய்ய முடியும். மீதியை மருந்து செய்யட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் நிறைவில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் ஆகிய நான்கு பகுதிகளாக மருத்துவத்தைக் கூறுகிறார். நால்வரில் ஒருவர் விலகினாலும் மருத்துவம் குறைபடும்.

நோயுற்ற அன்பர்களுக்கு: மாத்திரையை நிறுத்த விரும்பினால் நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது", "பிடிக்கவில்லை", "கடவுளுக்கு விரோதமோ என்று தோன்றுகிறது" என்று உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் தயக்கம் சிகிச்சைக்குத் தடையாகாது. டாக்டர் கேட்டறிய வேண்டிய செய்திகளில் அதுவும் ஒன்று.

குடும்பத்தாருக்கு: "சும்மா சோம்பேறித்தனம்", "மாத்திரை போட்டாயா, பைத்தியமே?" போன்ற சொற்களை விடுங்கள். மாத்திரை உண்ணும் வேளையில் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டு வந்து கொடுங்கள். வீட்டில் விவசாய நஞ்சு இருந்தால் பூட்டி வையுங்கள். உயிரை விடும் பேச்சு வந்தால் விளையாட்டாக எண்ணாமல் உடனே உதவி நாடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் எண் 03-76272929. அவசரத்துக்கு 999.

கோயில் பொறுப்பாளர்களுக்கும் உபயகாரர்களுக்கும்: இந்த எண்களை அறிவிப்புப் பலகையில், அன்னதான நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைப்போம். கிளினிக்குக்குப் போய்வர வண்டி இல்லாத குடும்பங்களுக்கு மாதம் ஒரு வண்டி உபயமாகட்டும். ஈப்போவில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறவருக்குப் பெட்ரோல் செலவும் அன்றைய கூலியும் உபயமாகட்டும். கோயில் மண்டபத்தில் ஓர் அறையை ஒதுக்கி, மனநல ஆலோசகர் ஒருவரை வரவழைப்போம். திருமுக்கூடலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 15 படுக்கைக்கு வழி செய்த மரபில் வந்தவர்களுக்கு இது பெரிய காரியமன்று.

நிறைவாக

மீண்டும் அந்தத் தாயிடம் வருவோம். ஒரு நாள் அவர் மைலோ டின்னைத் திறந்து, மாத்திரைகளை எடுத்து, சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பார்க்கிறார், "இது என்ன?" என்கிறார். தாய் முதன்முறையாகச் சொல்கிறார். ஐயம் அனைத்தும் அன்றே தீர்ந்துவிடாது. மருந்தின் மேல் பாதி நம்பிக்கையும் பாதி அச்சமும் இன்னும் சில காலம் இருக்கும். ஆனால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரோடு இன்னொருவரும் போவார். அடுத்த முறை அர்ச்சனைச் சீட்டு எழுதும்போது, "மனச்சோர்வு குணமாக வேண்டும், சாமி" என்று அவர் சொல்வார். பக்கத்தில் நிற்கும் நாம் திரும்பிப் பார்த்து முணுமுணுக்காமல், "முருகன் பார்த்துக்குவான், மாத்திரையையும் விடாதீங்கம்மா" என்று சொல்ல வேண்டும்.

நெற்றியில் திருநீறும் கையில் மருந்துமாக, துணையோடு நடப்பவர்களுக்கு எல்லாம் வல்ல முருகப்பெருமான் தெளிந்த மனமும் நீண்ட ஆயுளும் அருள்வானாக.

சுபம்